பெண்ணைத் தோணியில் அனுப்பலாமா?

திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு சகோதரி எனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று பக்கம் மகளின் படிப்பு, வெளிநாட்டு உத்தியோகம், கூடிவராத வரன்கள். நாலாம் பக்கத்தின் அடியில்தான் விஷயம் இருக்கிறது. மகள் சிநேகிதிகளுடன் ஐஸ்லாந்து போகிறாளாம். அங்கே ஓர் ஏரியில், மிதக்கிற பனிமலைகளுக்கு நடுவே, சின்னத் தோணியில் உட்கார்ந்து தானே துடுப்புப் போடப் போகிறாளாம். 'என் பெண்ணுக்கு நீச்சல் தெரியாது. கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிடட்டுமா?' என்று கேட்கிறார்.

அம்மணி, நீங்கள் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் நீச்சல் தெரியாது. சிறு வயதில் ஒரு ஜோசியர் என் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, 'தண்ணீரில் கண்டம்' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டார். அதோடு என் அம்மா என்னைக் கோயில் குளத்தில் கால் நனைக்கக்கூட விடவில்லை. அப்படி வளர்ந்தவள், போன வருஷம் ஆகஸ்டு மாதம் அதே ஏரியில், அதே மாதிரித் தோணியில் போய் வந்தேன். முதலில் அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

ஏரிக்கு யோகுல்சார்லோன் என்று பெயர். நாக்குச் சுளுக்கிக்கொள்ளாமல் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. 'பனியாற்று ஏரி' என்று அர்த்தமாம். தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து கடற்கரையை ஒட்டிக் கிழக்கே சுமார் 370 கிலோமீட்டர். ஐஸ்லாந்திலேயே பெரிய பனிப்பாளமான வாட்னயோகுல், அந்தத் தேசத்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கை மூடிக்கொண்டு படுத்திருக்கிறது. அதன் ஒரு நாக்குச் சரிந்து இறங்கி, இந்த ஏரியில் வந்து முடிகிறது. நுனியிலிருந்து பாளம் பாளமாகப் பனி உடைந்து தண்ணீரில் விழுகிறது. வீடு அளவுக் கட்டி, லாரி அளவுக் கட்டி, நம் வீட்டு அம்மிக்கல் அளவுக் கட்டி எல்லாம் மெல்ல மிதந்து, ஏரியின் வாய்க்கு வந்து, ஒரு குட்டையான ஆற்றின் வழியாகச் சமுத்திரத்துக்குப் போய்ச் சேர்கின்றன. அந்த ஆற்றுக்கு 1967-ல்தான் பாலம் போட்டார்கள்.

நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஏரியே கிடையாது! பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பனியின் நுனி கிட்டத்தட்டக் கடலைத் தொடும் தூரத்தில் இருந்தது. அது பின்வாங்கப் பின்வாங்க, 1930-களின் நடுவில் முதல் தண்ணீர் தேங்கியது. இன்று 18 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, 248 மீட்டர் ஆழம். ஐஸ்லாந்திலேயே இதுதான் ஆழமான ஏரி. ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. ஏரி வளர்கிறது என்றால் பனி கரைகிறது என்று அர்த்தம். நிலத்தை விற்று விற்று விருந்து நடத்துகிற வீட்டுக்குப் போய் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டு வருவது போல, எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. அதே தேசத்தில் ஓக் என்று ஒரு சிறு பனிப்பாளம். 2014-ல், 'இனி இதைப் பனியாறு என்று சொல்வதற்கில்லை' என்று தீர்மானித்துவிட்டார்கள். 2019-ல் பிரதம மந்திரியே வந்திருக்க, அந்த இடத்தில் நினைவுப் பலகை பதித்தார்கள்.

சரி, தோணிக்கு வருவோம். இதைக் கயாக் என்கிறார்கள். ஒடுக்கமாக, நீளமாக, வெண்டைக்காய் மாதிரி இருக்கும். ஐஸ்லாந்துக்காரர்களின் பாரம்பரியத் தோணி அல்ல இது. கிரீன்லாந்திலும் வட கனடாவிலும் உள்ள இனுவிட் மக்களுடையது. கடலில் அடித்து வரும் கட்டையையோ எலும்பையோ சட்டமாகக் கட்டி, மேலே சீல் என்னும் கடல்நாயின் தோலை இழுத்துப் போர்த்தி, ஆண்கள் அதில் வேட்டைக்குப் போவார்கள். சட்டம் கட்டுவது ஆண்களின் வேலை. தோலைப் பதப்படுத்தி, மிருகத்தின் நரம்பையே நூலாக்கித் தைப்பது பெண்களின் வேலை. ஊசி தோலை முழுக்கத் துளைக்கக் கூடாது. பாதித் தடிமனோடு திரும்பிவிட வேண்டும். மறு பக்கமும் அப்படியே இன்னொரு வரிசைத் தையல். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. பனிக்கடலில் புருஷனுடைய பிராணன் பெண்டாட்டியின் தையலில் இருந்தது! பெண்களும் குழந்தைகளும் சாமான்களும் போவதற்கு உமியாக் என்று தனியாக ஒரு பெரிய தோணி உண்டு. அதற்குப் 'பெண்கள் தோணி' என்றே பெயர்.

இப்போது நாங்கள் ஏறியது பிளாஸ்டிக் தோணி. மேலே உட்காரும் தினுசு. கவிழ்ந்தாலும் உள்ளே மாட்டிக்கொள்ள இடமில்லை. முதல் நாள் போனபோது, பனியின் பக்கத்திலிருந்து காற்று கிளம்பிவிட்டது என்று சொல்லி, வழிகாட்டி எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு வெளிநாட்டுக்காரர் குதி குதி என்று குதித்தார். எனக்கோ ஏக சந்தோஷம்! இத்துடன் தப்பித்தோம் என்று ஹோட்டலில் போய் நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காற்று நின்றுவிட்டது. என் கணவருடைய உற்சாகம் நிற்கவில்லை.

முதலில் உடுப்பு. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை வைத்த, தலையணை உறை மாதிரி ஒரே துண்டான அங்கி. உள்ளே கம்பளி ஸ்வெட்டர். பருத்தித் துணி ஆகாது. வேர்வையில் நனைந்தால்கூட உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்றார்கள். ரப்பர் கிழியும் என்று வளையல், மோதிரம், கடிகாரம், காதில் தொங்கட்டான் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். 'கழுத்தில் என்ன?' என்று கேட்டாள் வழிகாட்டியின் உதவிக்கு இருந்த பெண். 'இது கழற்றுகிற சாமான் இல்லை' என்றேன். அவள் ஒன்றும் கேட்காமல் சங்கிலியை அங்கிக்குள் இறக்கிவிட்டுப் பட்டையைச் சரி செய்தாள். அதற்கு மேல் மிதவைச் சட்டை. அதன் பட்டிகளை நாம் இழுத்துக் கட்டினாலும் விடமாட்டார்கள். தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, சட்டை தனியாக மேலே வராவிட்டால்தான் திருப்தி.

நீச்சலைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, சகோதரி? கனடாவில் மனிடோபா சர்வகலாசாலைப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் என்பவர், தாமே பனித் தண்ணீரில் பல தடவை இறங்கிப் பார்த்து ஆராய்ந்தவர். அவருடைய கணக்கு ஒன்று, பத்து, ஒன்று. விழுந்த முதல் 1 நிமிஷம் மூச்சு இரைக்கும். அப்போது பதறாமல் மூச்சை அடக்கி ஆள வேண்டும். அடுத்த 10 நிமிஷம் கை கால் நாம் சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு கேட்காது. ஆனால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். ஆக, நன்றாக நீந்துகிறவனுக்கும் பத்து நிமிஷத்தில் கை ஓய்ந்துவிடும். தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்து வைப்பது மிதவைச் சட்டைதான். பெண்ணுக்கு நீச்சல் தெரியுமா என்பதைவிட, அந்தச் சட்டையைச் சரியாகப் போட்டுக்கொண்டாளா என்பதே அங்கே பெரிய கேள்வி.

தோணி இருவர் தோணி. பின்னால் இருப்பவர்தான் திசை திருப்ப வேண்டும். என் கணவர் பின்னால் உட்கார்ந்தார். மேல்நாட்டில் இந்த இருவர் தோணிக்கு 'விவாகரத்துத் தோணி' என்று கேலியாக ஒரு பெயர் உண்டாம். ஏன் என்று ஐந்தே நிமிஷத்தில் தெரிந்துகொண்டேன். நான் வலப் பக்கம் போட, அவர் இடப் பக்கம் போட, துடுப்போடு துடுப்பு மோதி, தோணி கோலம் போட்டது. பிறகு வழிகாட்டி சொன்னார்: 'முன்னால் இருப்பவர் எப்படிப் போடுகிறாரோ, பின்னால் இருப்பவர் அப்படியே போட வேண்டும்.' இதை எழுதி வாங்கி வந்திருக்கலாம்.

உள்ளே போகப் போகப் பேச்சு நின்றுவிட்டது. சில கட்டிகள் வெள்ளை, சிலவற்றில் எரிமலைச் சாம்பல் கறுப்புக் கரையாக ஓடியது. சில நீலம். சிவப்பு வெளிச்சத்தைப் பனி விழுங்கி, நீலத்தை மட்டும் விட்டுவிடுவதால் அந்த நிறம். துடுப்பை நிறுத்திக் காது கொடுத்தால், அடுத்த வீட்டுச் சமையலறையில் கடுகு தாளிப்பது போலப் படபடவென்று மெல்லிய சத்தம். பனிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள் வெடிக்கிற ஓசை அது. இங்கே உடைந்து விழும் பனியில் ஆயிரம் வருஷப் பழமை உள்ளதும் உண்டு. ஐஸ்லாந்துக்காரர்கள் கிறிஸ்தவ மதத்தை ஏற்றுக்கொண்ட காலத்தில் பெய்த பனி! அந்தக் காலத்துக் காற்று என் முகத்துக்கு எதிரே விடுதலையாகிக்கொண்டிருந்தது. கடல் மீனைத் தொடர்ந்து ஏரிக்குள் வந்த ஒரு சீல், வழுக்கைத் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா திண்ணையிலிருந்து பார்ப்பாரே, அந்த மாதிரி.

கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கலாம் என்று எனக்கும் ஆசைதான். வழிகாட்டி விடவில்லை. மிதக்கும் கட்டியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் கீழே கரைந்துகொண்டே வந்து, ஒரு சமயம் பாரம் மாறிப் புரண்டுவிடும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. உயரமான கட்டியென்றால் இன்னும் தூரம். ஏரியின் வாய்ப் பக்கம் போகவே கூடாது. கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் பாலத்தின் அடியில் வேகமாக இழுத்துக்கொண்டு போகும்.

திரும்பும் வழியில்தான் அது நடந்தது. வழிகாட்டி திடீரென்று துடுப்பை உயர்த்தினார். எல்லாத் தோணிகளும் நின்றன. தூரத்தில், இரண்டு மாடி உயரமிருந்த ஒரு கட்டி, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவன் போல, மெதுவாகச் சாய்ந்தது. இடி மாதிரி ஒரு முழக்கம். வெள்ளை முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. அடியிலிருந்து மயில் கழுத்து நிறத்தில், கண்ணாடி போலப் பளபளவென்று வேறு ஒரு மலை எழுந்து, தண்ணீர் வழிய நின்றது! தோணிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்துத் தோணியில் இருந்த ஓர் அந்நிய மாதின் கையை நான் பிடித்த பிடி, அவளுக்கு இன்றும் வலிக்கும். அலை வந்தது, தூக்கிற்று, இறக்கிற்று, போய்விட்டது. அந்தக் கட்டிக்குப் பக்கத்தில் அரை மணிக்கு முன்னால் போய் நின்று படம் எடுக்கத்தான் என் கணவர் அனுமதி கேட்டிருந்தார். அவர் அப்புறம் கரை வரையில் வாய் திறக்கவில்லை.

ஆகையால் சகோதரி, 'கூடாது' என்று சொல்லாதீர்கள். 'போய்விட்டு வா' என்று மட்டும் சொல்லி விட்டுவிடவும் வேண்டாம். மகளை நாலு கேள்வி கேளுங்கள். வழிகாட்டி கூட வருகிறாரா, ஒருவருக்கு எத்தனை தோணிகள்? தண்ணீர் புகாத உடுப்பு அவர்கள் கொடுக்கிறார்களா? காற்று வந்தால் பயணத்தை நிறுத்துகிறவர்களா, பணத்துக்காகக் கிளம்புகிறவர்களா? கரையிலேயே, கவிழ்ந்தால் என்ன செய்வதென்று சொல்லித் தருகிறார்களா? இவற்றுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், கரையில் நின்று பார்த்துவிட்டு வரட்டும். அதற்கே கண் போதாது. வழிகாட்டி இல்லாமல் சிநேகிதிகள் மட்டும் என்றால், அப்போது தாராளமாகக் கண்டியுங்கள்.

வெறுமே 'கூடாது' என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அம்மாவிடம், 'ஏரியைப் பார்க்கப் போகிறோம்' என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லைதான். ஆனால் அந்தக் கட்டி புரண்ட அந்த ஒரு நிமிஷத்தில், எனக்கு ஏதாவது ஆனால் நான் எங்கே இருந்தேன் என்றுகூட அம்மாவுக்குத் தெரியாதே என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. தண்ணீர் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஊர் திரும்பிய மறுநாளே சொல்லிவிட்டேன். என் அம்மா தையல் மிஷினை மிதித்து எங்களைப் படிக்க வைத்தவள். வெகுநேரம் பேசவில்லை, பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நானே உடுப்பைப் பற்றிச் சொன்னேன், கிரீன்லாந்துப் பெண்களின் தோல் தையலைச் சொன்னேன். கையை நிறுத்தினாள்.

'பாதித் தோலோடு ஊசியைத் திருப்புவாளாமா?'

'ஆமாம் அம்மா.'

'மறு பக்கமும் அப்படியேவா?' என்று கேட்டுவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு பழைய ரெக்ஸின் துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.