நீ யார் என்று நாமும் கேட்போம்!



நம் கல்லூரி வை-ஃபையில் கைபேசியை இணைக்கும்போது ஒரு பட்டியல் வருமே, பார்த்திருப்பீர்கள். 'ஈ.ஏ.பி. மெத்தட்', 'சி.ஏ. சர்டிஃபிகேட்' என்று வரிசையாகக் கேட்கும். முதலாம் ஆண்டில் நான் முழித்துக்கொண்டு நின்றபோது ஒரு சீனியர் அண்ணன், "அதெல்லாம் பார்க்காத தம்பி, 'டு நாட் வேலிடேட்'னு போட்டுடு, உடனே கனெக்ட் ஆயிடும்" என்றார். ஆயிற்று. நானும் அதையே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அது தவறு என்று இப்போது சொல்ல வந்திருக்கிறேன்.

வயர்லெஸ் பாதுகாப்பில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று என்கிரிப்ஷன்: காற்றில் போகும் செய்தியை மற்றவர் படிக்காதபடி பூட்டுவது. மற்றொன்று ஆதென்டிகேஷன்: ஆள் யாரென்று சரிபார்ப்பது.

பூட்டு விஷயத்தில் உலகம் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1997-ல் வந்த டபிள்யூ.ஈ.பி. முறையில், பாக்கெட்டுக்கு பாக்கெட் மாற வேண்டிய எண் வெறும் 24 பிட். 1,67,77,216 எண்களோடு தீர்ந்துவிடும். பிறகு பழைய எண்ணே திரும்ப வரும். அதிலிருந்த ஆர்.சி.4 உபயோகத்தின் ஓட்டையை 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் காட்டினார்கள். அதன்பின் 2003-ல் டபிள்யூ.பி.ஏ., 2004-ல் ஏ.ஈ.எஸ். பூட்டோடு டபிள்யூ.பி.ஏ.2, 2018-ல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தன.

ஆனால் பூட்டு எவ்வளவு பலமானாலும், சாவியைத் திருடன் கையிலேயே கொடுத்தால்?

நம் கல்லூரியில் இருப்பது பி.ஈ.ஏ.பி. முறை. ஆளுக்கொரு யூசர் நேம், பாஸ்வேர்டு. இதில் சர்வர்தான் முதலில் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். அது சரியா என்று பார்த்த பிறகே கைபேசி நம் விவரத்தை அனுப்ப வேண்டும். 'வேலிடேட் வேண்டாம்' என்று போட்டுவிட்டால், எதிர் டீக்கடையில் ஒருவன் அதே பெயரில் நெட்வொர்க் வைத்தாலும் கைபேசி அவனை நம்பிப் பேச ஆரம்பித்துவிடும். அப்படி அவன் கைக்குப் போகும் எம்.எஸ்.சாப் பதிலை உடைப்பது, ஒரே ஒரு 56 பிட் டெஸ் சாவியைத் தேடும் வேலைதான் என்று 2012-லேயே நிரூபித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். நீட்டிய தாளிலெல்லாம் என்ன ஏதென்று கேட்காமல் கைநாட்டு வைத்தவர் என் அப்பா. "பெரியவங்க கேட்டா வைக்க வேண்டியதுதானேப்பா" என்பார். அவருக்கு எழுத்து தெரியாது. எழுத்து தெரிந்த நாம் செய்வதும் அதே கைநாட்டுதானே?

2020 டிசம்பரில் ஆண்ட்ராய்டு 11-க்கு வந்த ஓர் அப்டேட் அந்த வாய்ப்பையே நீக்கியது. ஆனாலும் நம்மில் பலர் கையில் இருப்பது அண்ணனோ அக்காவோ கொடுத்த பழைய கைபேசி. அதில் அது இன்னும் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். எந்த சான்றிதழைத் தேர்ந்தெடுப்பது, 'டொமைன்' கட்டத்தில் எந்த சர்வர் பெயரை எழுதுவது என்பதை நிர்வாகம் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். நம் மாணவர் பேரவை அதைக் கேட்டு வாங்க வேண்டும். சீனியர்களாகிய நாம் ஜூனியர்களுக்கு அதையே சொல்லித்தர வேண்டும்.

தினமும் கேட்டில் நாம் ஐ.டி. கார்டு காட்டித்தான் உள்ளே வருகிறோம். நெட்வொர்க்கும் தன் கார்டை நமக்குக் காட்டட்டுமே!