கைக்குத் தொழில் கொடுத்தோம், நாவுக்கு?



நமது ஜமாஅத்துகள் பலவும் இன்று பைத்துல்மால் நிதியிலிருந்து தையல், கணினி, ஏ.சி. மெக்கானிக் பயிற்சிகளை நடத்தி வருகின்றன. அல்ஹம்துலில்லாஹ்! பாராட்டத்தக்க பணி. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். கைக்குத் தொழில் கொடுத்த நாம், நாவுக்கு என்ன கொடுத்தோம்?

ஏ.சி. பயிற்சி முடித்த ஒரு தம்பி வளைகுடாவுக்குச் சென்றார். வேலையில் கெட்டிக்காரர். ஊரில் ஏஜெண்ட் சொன்ன சம்பளம் ஒன்று. அங்கே அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருந்ததோ வேறு. "படித்துப் பார்க்கவில்லையாப்பா?" என்று போனில் கேட்டேன். "அரபியில் இருந்தது ஹஜ்ரத். எழுத்து தெரிந்தது, அர்த்தம் தெரியவில்லை. மேனேஜரிடம் எப்படிக் கேட்பதென்றும் தெரியவில்லை" என்றார். மக்தபில் அவருக்கு அலிஃப், பா சொல்லிக் கொடுத்தவன் நான்தான். வெட்கப்பட்டேன்.

சகோதரர்களே! மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது இறைவனிடம் எதைக் கேட்டார்கள்? படையையா? பொருளையா? தமது நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுமாறு கேட்டார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். அநியாயக்காரன் முன்னால் நிற்பவனுக்குத் தெளிவான பேச்சு ஓர் ஆயுதம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? யூதர்களுடன் கடிதப் போக்குவரத்து தேவைப்பட்டபோது, அவர்களுடைய எழுத்தைக் கற்றுக் கொள்ளுமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்களே!

மதரஸாவில் ஓதிய எங்களுக்கு வாரந்தோறும் பேச்சு மன்றம் இருந்தது. முதல் நாள் கால் நடுங்கியது, தொண்டை அடைத்தது. பத்தாவது வாரம் பேச்சு வந்தது. இன்று மிம்பரில் நிற்கிறோம் என்றால் அந்த மன்றம்தான் காரணம். ஆலிமுக்குக் கிடைத்த இந்தப் பயிற்சி தையல்காரருக்கும் டிரைவருக்கும் ஏன் கிடைக்கக் கூடாது? அரசு ஐ.டி.ஐ.களில் ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் வேலைவாய்ப்புத் திறன் என்று தனிப்பாடமே இருக்கிறது. பிறரிடம் பேசிப் பழகுவது அதில் ஒரு பகுதி. நமது பயிற்சி மையங்களிலோ மெஷினைக் கொடுத்து, சான்றிதழைக் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பி விடுகிறோம்.

"ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். ஆங்கிலமும் வேண்டும். ஆனால் "ஏன் குறைத்தீர்கள்?" என்று தமிழில் கேட்கத் துணியாதவர் ஆங்கிலத்தில் மட்டும் கேட்டு விடுவாரா?

நம் பக்கத் தவறையும் ஒப்புக் கொள்வோம். 2007ல் நமக்கு 3.5 சதவிகித இடஒதுக்கீடு கிடைத்தது. அதைப் பயன்படுத்தத் தேவையான சாதிச் சான்றிதழுக்கு மனு எழுதக்கூட மக்கள் நம் அலுவலக வாசலில்தான் நிற்கிறார்கள். நாமும் லெட்டர் பேடில் எழுதிக் கொடுக்கிறோம், தாலுகா ஆபீசுக்கு உடன் போகிறோம். சேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இருபது வருடங்களாக அவர்களின் நாவாக நாமே இருந்தால், அவர்களின் நாவு எப்போது அசையும்? மக்கள் நம்மிடம் வந்து நிற்பது நமக்கும் பிடித்துப் போய்விட்டதோ என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக் கொள்வோம்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. எந்தத் தொழிற்பயிற்சியானாலும் வாரத்தில் இரண்டு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். அன்று செய்த வேலையை ஒவ்வொருவரும் எழுந்து நின்று விளக்கட்டும். ஒருவர் வாடிக்கையாளராகவும் மற்றவர் மெக்கானிக்காகவும் பேசிப் பழகட்டும். குறுக்கிடாமல் காது கொடுத்துக் கேட்பதும் இதில் அடக்கம். சம்பளம், வேலை நேரம், விடுமுறை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு மாதிரி ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டுங்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுத ஒவ்வொருவரையும் பழக்குங்கள். அது 2005ம் ஆண்டின் சட்டம். முப்பது நாட்களில் பதில் தர வேண்டும் என்கிறது. பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளைக் கொண்டு நடத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை: வருபவர்கள் குழந்தைகள் அல்லர், குடும்பத்தைச் சுமப்பவர்கள். தவறாகப் பேசினால் சிரிக்காதீர்கள், மறுவாரம் வரமாட்டார்கள். ஆசிரியரே பேசிக் கொண்டிருந்தால் அது பயான், பயிற்சியல்ல!

இதற்குத் தனி நிதி தேவையில்லை. ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரும் மஹல்லாவின் இமாமும் போதும். முத்தவல்லிகளே! நிர்வாகிகளே! அடுத்த பயிற்சி வகுப்பைத் தொடங்குமுன் இதைப் பற்றி முடிவெடுங்கள். நம் மக்கள் தம் உரிமையைத் தாமே கேட்கும் நாளை அல்லாஹ் விரைவில் தந்தருள்வானாக!