பம்பைக் கழற்றுமுன்

சென்ற மார்கழியில் நமது சங்கத்து அன்பர் ஒருவரின் பிழைப்பே ஒரு மோட்டார் வண்டியின் முரண்டினால் ஆட்டங்கண்டது. அவர் தென் தில்லியில் ஒரு செல்வர் வீட்டில் 18 ஆண்டுகளாகக் காரோட்டி. அவ்வீட்டில் நாள்தோறும் ஓடும் வண்டிகள் வேறு. ஞாயிறன்று மட்டும் உறை நீக்கி வெளியே எடுக்கப்படும் பழைய வண்டி ஒன்றுண்டு. 1963-இல் ஜெனீவா காட்சியில் அறிமுகமாகி 1967 வரை செய்யப்பட்ட மெர்சிடிஸ் 230 எஸ்.எல். அது. குளிர் தொடங்கியது முதல், காலையில் ஸ்டார்ட்டர் எவ்வளவு சுழன்றும் என்ஜின் பிடிப்பதில்லை. பணிமனை ஒன்றில் காட்டினார்கள். இன்ஜெக்ஷன் பம்பு கெட்டுவிட்டது, கழற்றி ஜெர்மனிக்கு அனுப்பவேண்டும், காரோட்டி எங்கோ மட்டமான பெட்ரோல் போட்டிருக்கிறார் என்று தீர்ப்பாயிற்று. செலவு பல இலட்சம். பழி நம் அன்பர் தலையில்.

அவர் வந்து சொன்னபோது நமக்குப் பெரியவர் ஒருவர் நினைவு வந்தது. டீசல் லோகோ ஷெட்டில் இன்ஜெக்ஷன் பகுதியில் பிட்டராயிருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வேயில் நாம் காகிதத்தோடு மாரடித்தோம், அவர் இரும்போடு. "டபிள்யூ.டி.எம்.2 என்ஜினில் 16 சிலிண்டருக்கு 16 பம்பு பார்த்தவனுக்கு இந்த ஆறு எம்மாத்திரம்?" என்று சிரித்தபடி புறப்பட்டார்.

இவ்வண்டியில் கார்புரேட்டர் கிடையாது. டாங்கியருகே உள்ள மின்சாரப் பம்பு பெட்ரோலை முன்னே தள்ளும். என்ஜினின் சங்கிலியால் இயங்கும் போஷ் இன்ஜெக்ஷன் பம்பு, சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு பிளஞ்சர்களைக் கொண்டு, உரிய அளவை உரிய வேளையில் பீச்சும். மிகுதி டாங்கிக்கே திரும்பிவிடும். குளிர்ந்த என்ஜினுக்கோ கூடுதல் பெட்ரோல் வேண்டும். பழைய வண்டிகளில் சோக்கை இழுத்தது அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். இங்கே அவ்வேலையை மூன்று உறுப்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டும் காற்றுக் குழாயினுள் பெட்ரோல் தெளிக்கும் வால்வு ஒன்று. பம்பின் பின்புறமிருந்து அளவைக் கூட்டும் சோலினாய்டு ஒன்று. என்ஜின் சூடேறும் வரை காற்றையும் பெட்ரோலையும் சற்றே மிகுதியாக விடும் தெர்மோஸ்டாட் ஒன்று.

பெரியவர் கருவிப் பையைத் திறக்கவில்லை. "தம்பி, ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் எப்படி?" என்றார்.

"குறையே இல்லை ஐயா. நாள் முழுதும் ஓடும். சூடாக நிறுத்திவிட்டு எடுத்தாலும் உடனே பிடிக்கும்."

"பம்பு தேய்ந்திருந்தால் காலையில் மட்டுமா தேய்ந்திருக்கும்? நாளை விடியலில் வருகிறேன். யாரும் வண்டியைத் தொடவேண்டாம்."

மறுநாள் மூடுபனியில் நாமும் உடன் சென்றோம். ஸ்டார்ட்டர் சுறுசுறுப்பாகச் சுழன்றது; பாட்டரியில் குறையில்லை. பிளக்குகளில் பொறி நன்று. சாவியைத் திருப்பியதும் பின்னால் மின்சாரப் பம்பின் முனகல் கேட்டது. டாங்கிக்குத் திரும்பும் குழாயைக் கழற்றிப் பாத்திரத்தில் பிடித்தார். ஏறத்தாழ 15 விநாடியில் 1 லிட்டர் வரவேண்டும், வந்தது. பிறகு வடிகட்டியைத் திறந்தார். துருவில்லை, நீரில்லை. வீட்டுக்காரர் அருகில் நின்றிருந்தார். நம் அன்பர் அந்த வடிகட்டியை அவர் கண்ணெதிரே இருமுறை திருப்பித் திருப்பிக் காட்டினார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில், தெளிக்கும் வால்வுக்கு வரும் கம்பியில் 12 வோல்ட் சோதனை பல்பைப் பொருத்தினார். ஸ்டார்ட்டர் சுழன்றது; பல்பு எரியவில்லை. பாட்டரியிலிருந்து வேறு கம்பி கொண்டுவந்து வால்வுக்கு ஒரு விநாடி மின்சாரம் கொடுத்தபடியே சுழற்றச் சொன்னார். என்ஜின் உறுமி எழுந்தது! பெட்ரோல் ஆவியருகே பொறி பறப்பது பேராபத்து. பழக்கமில்லாதார் இதனை முயலவேண்டாம். குளிர்நீரின் சூட்டைக் கொண்டு அவ்வால்வின் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு ஸ்விட்சின் இணைப்பில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அதைச் சுரண்டித் துடைத்து அழுத்திப் பொருத்தியதும் பல்பு எரிந்தது. பல இலட்ச நோய்க்கு மருந்து ஒரு துண்டு உப்புத்தாள்.

சூடான பின் பிடிக்க மறுத்தால் வழி வேறு. மே மாத வெயிலில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிடுவதுண்டு. சாவியைத் திருப்பி மின்சாரப் பம்பை அரை நிமிடம் ஓடவிட்டால் ஆவி டாங்கிக்குத் திரும்பும். தெளிக்கும் வால்வு கசிந்து என்ஜினை நனைப்பதும் உண்டு.

பணிமனையார் பெட்ரோலை ஐயுற்றதை நாம் முற்றும் குறை கூறவில்லை. 2023 பிப்ரவரி முதல் நம் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். ஆனால் வடிகட்டியைத் திறந்து பாராமலே ஒரு மனிதரின் மேல் பழி சுமத்தினார்களே, அதுதான் நமக்குப் பொறுக்கவில்லை.

பெரியவர் கூலி வாங்க மறுத்தார். காப்பி மட்டும் அருந்தினார். வீட்டுக்காரர் சிறிது நேரம் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பு சாவியை நம் அன்பர் கையில் கொடுத்து, ஐயாவை வீடு வரை இதே வண்டியில் கொண்டுபோய் விடும்படி சொன்னார்.