அர்ச்சனைச் சீட்டில் மட்டும் சேர்ந்திருக்கும் குடும்பங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அர்ச்சனைச் சீட்டு எழுத உட்காரும் எங்களுக்கு இது நல்லாவே தெரியும். கட்டுமானத் தளத்திலிருந்து வர்ற அண்ணன்மார் தங்கள் பேரைக் கடைசியில்தான் சொல்வாங்க. முதல்ல மனைவி பேர், நட்சத்திரம். அப்புறம் பிள்ளைங்க. தீபாராதனை நேரத்துல அவங்களால இரு கை கூப்ப முடியாது. ஒரு கையில போன். அந்தப் பக்கம் ஊர்ல பிள்ளை பார்த்துக் கும்பிடும்.

நம்ம சிங்கப்பூர் விதி என்ன? எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் வைத்திருப்பவர் மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வாங்கினால் மனைவி, பிள்ளைகளை அழைத்து வர விண்ணப்பிக்கலாம். 12,000 வெள்ளி என்றால் அப்பா அம்மாவையும். வொர்க் பர்மிட்காரருக்கு எத்தனை வருஷம் உழைச்சாலும் அந்தக் கதவே கிடையாது.

முன்பெல்லாம் அவங்க இங்கே வேலை செய்யவே ஆண்டு வரம்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை எடுத்துட்டாங்க. 63 வயது வரை வேலை செய்யலாம். நல்லதுதான், நாங்களும் வரவேற்கிறோம். ஆனா உழைப்புக்கு வரம்பை நீக்கின நாம, பிரிவுக்கு ஒரு வரம்பு வைக்கலையே! 25 வயசுல வந்தவர் 63 வரை இருந்தா, பிள்ளை வளர்றதை போன்லதான் பார்க்கணுமா?

"கையெழுத்துப் போட்டுத்தானே வந்தாங்க?" என்பார்கள். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டினவருக்குப் பேரம் பேச ஏது வாய்?

"டூரிஸ்ட் விசா இருக்கே?" இருக்கு. எங்கே தங்க வைப்பது? விடுதியில் குடும்பத்துக்கு இடமில்லை. ஓட்டல் வாடகை அவர் சம்பளத்துக்குக் கட்டுமா?

"நாடு சின்னது, எல்லாரும் வந்தா தாங்குமா?" நியாயமான கேள்வி. எல்லாரும் குடியேறணும்னு நாங்க கேட்கல. பத்து வருஷம் உழைச்சவருக்கு வருஷம் ஒரு மாசம், பள்ளி விடுமுறையில, மனைவி பிள்ளைகள் வந்து தங்க ஒரு தனி அனுமதி. குறைஞ்ச வாடகையில தங்க இடம். சமைக்க, பார்த்துக்கொள்ள எங்களைப் போன்ற தொண்டர்கள் இருக்கோம்.

நம்மில் பலருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறித் தனியாத்தான் வந்தார். பிறகு பாட்டியை அழைச்சுக்கிட்டார். அதனால்தான் நாம இன்னிக்கு இந்தக் கோயில்ல குடும்பமா நிற்கிறோம். அன்றைக்கு சம்பளச் சீட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தால்?

தைப்பூசத்துக்குப் பந்தல் போட, அன்னதானத்துக்கு அண்டா தூக்க அவங்களைக் கூப்பிடுறோம். அவங்களுக்காகப் பேசவும் செய்யணும். அடுத்த முறை உங்க தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது இதையும் ஒரு வார்த்தை கேளுங்க. நாங்களும் கேட்கப்போறோம்.

முருகா சரணம்.