அட்டைக்கு வெளியே நிறுத்துகிறவர்கள்

பத்திரிகை அட்டை வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஒரு வாசல். யாரைக் கூப்பிடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று தீர்மானித்த பிறகுதான் அந்த வாசலை வரைகிறார்கள். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கோடு போட்டுப் பழகிய நாட்டில் இதொன்றும் புதுசு இல்லை.

இசைப் பத்திரிகைத் தொழிலில் இதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. கடையில் தொங்கும் பத்திரிகைகள் மேல் கண் ஓடுகிற கொஞ்ச நேரத்துக்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும். அதனால் மேலே பத்திரிகையின் பெயர், நடுவில் நம்மை நேராகப் பார்க்கிற ஒரு முகம், கீழே கொட்டை எழுத்தில் அவர் பெயர், ஓரத்தில் பொடி எழுத்தில் மற்றவர்கள். எழுத்தின் அளவே அந்தஸ்தின் அளவு. வாங்குகிறவர் அந்த முகத்தில் தன்னையோ, தான் ஆக நினைக்கிற ஆளையோ பார்க்கணும். அவரைத்தான் 'இலக்கு வாசகர்' என்கிறார்கள். சரி, அந்த வாசகர் இன்னார்தான் என்று முடிவு பண்ணினது யாரு?

'ரோலிங் ஸ்டோன்' 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. முதல் இதழின் அட்டையில் ஜான் லெனன். பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வென்னர் 2023இல் ஒரு நேர்காணல் தொகுப்பு கொண்டுவந்தார். அதில் இருந்த ஏழு பேரும் வெள்ளை ஆண்கள். ஏனய்யா என்று 'நியூயார்க் டைம்ஸ்' கேட்டதற்கு, பெண்களும் கறுப்பர்களும் அந்த அளவுக்குப் பேசத் தெரிந்தவர்கள் இல்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அறக்கட்டளை அவரைத் தன் நிர்வாகக் குழுவிலிருந்து நீக்கியது. அரை நூற்றாண்டாக அட்டைக்கு முகம் பொறுக்கிய கை எந்த மண்டைக்குக் கட்டுப்பட்டிருந்தது என்பது அவர் வாயாலேயே வெளிவந்தது. 'சந்தை' என்று அவர்கள் சொல்வதற்குள் இந்த மண்டையும் இருக்கிறது.

அதே பெயரில் இந்தியாவில் வரும் பதிப்புக்கு வருவோம். 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. இசை சந்தோஷ் நாராயணன். எழுதியவர் அறிவு. பாடியவர்கள் தீயும் அறிவும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, திரும்பி வந்தும் காணி நிலமில்லாமல் நின்ற அறிவின் பாட்டி வள்ளியம்மாளுடைய தலைமுறையின் கதைதான் அந்தப் பாட்டுக்கு வேர். அந்த ஆகஸ்ட் மாத 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும், கனடாத் தமிழ் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அட்டையை அறிவித்தபோது பத்திரிகை பெருமையாகச் சொன்ன பாட்டுகள் இரண்டு: 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி'. ஒன்றை எழுதிப் பாடியவர், இன்னொன்றுக்கு வரி எழுதியவர் அறிவு. அட்டையில் அவர் இல்லை. அறிவு மறுபடியும் மறைக்கப்பட்டிருக்கிறார் என்று பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகுதான் ஊர் விழித்தது.

அட்டையில் இருந்த இருவர் மேல் நமக்கு வழக்கில்லை. அவர்களும் ஈழத்து வேர் கொண்ட கலைஞர்கள். வழக்கு அட்டையின் கணக்கு மேல். 'அது அவங்க ரெண்டு பேரோட வரப்போற ஆல்பத்துக்கான அட்டைங்க' என்று நியாயம் சொல்கிறார்கள். அப்படின்னா அறிவிப்பில் அந்தப் பாட்டு எதுக்கு? பாட்டைக் காட்டி வாசகனை இழுக்கலாம், பாட்டைக் கட்டினவனைக் காட்டக் கூடாதா? சாவுக்கும் சாமிக்கும் நம்ம பறை வேணும், அடிச்சவன் மட்டும் தெருமுனையில் நிற்கணும் என்கிற அதே நியாயம்தானே இது!

எதிர்ப்பு கிளம்பிய பிறகு அறிவின் முகத்தோடு ஒரு டிஜிட்டல் அட்டை தனியாக வந்தது. அது நம் குரலுக்குக் கிடைத்த வெற்றி. இந்த முகத்தை அட்டையில் போட முடியும் என்பதையும் அது நிரூபித்தது. ஆனால் கேட்ட பிறகு, தனியாக! டீக்கடைத் தனிக் குவளை ஞாபகத்துக்கு வந்தால் அது நம் குற்றமில்லை.

இன்றைக்கு அட்டை கைபேசித் திரைக்குள் சுருங்கிவிட்டது. பொடி எழுத்தைப் படிக்கவே முடியாது. முகம் மட்டும்தான் நிற்கும். முகம் போனால் பெயரும் போகும், பெயர் போனால் நாளைக்கு அந்தப் பாட்டு யாருடையது என்பதும் போகும். ஆகவே வடிவமைப்பு படிக்கிற நம் மாணவர்களே, இதை அழகியல் விஷயம் என்று ஒதுக்காதீர்கள். பாட்டின் பெயரைப் போட்டால் எழுதியவர் பெயரையும் போடு, அதே எழுத்தளவில் போடு என்று கேளுங்கள். கானாப் பாடகரும் ஒப்பாரி பாடும் அம்மாவும் வாசகரை நேராகப் பார்க்கிற அட்டைகளை நம் பத்திரிகைகள் போடட்டும். யார் வாங்குவார்கள் என்கிறீர்களா? இந்தப் பாட்டைக் கோடிக்கணக்கில் கேட்டது யாரு, அவங்க வாங்குவாங்க.