வேட்டியும் வாடகை வீடும்

ஜூலை மாதம் 15-ஆம் தேதி நெருங்கினாலே எனக்கு ஒரு சங்கடம் வந்துவிடுகிறது. காமராஜர் பிறந்த அந்த நாளில் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை எந்தத் தெருமுனையில் நின்றாலும் ஒலிபெருக்கி ஒரே பிரசங்கத்தைத்தான் செய்கிறது. சாகும்போது அவரிடம் இருந்தது சில வேட்டி சட்டைகளும் சொற்பப் பணமும்தான். குடியிருந்தது வாடகை வீடு. விருதுநகரில் தாயார் வீட்டுக்கு நகராட்சி தனியாகப் போட்டுக் கொடுத்த குழாயைக் கழற்றச் சொல்லிவிட்டார். கேட்கிறவர்கள் கண்களைத் துடைத்துக் கொள்கிறார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். காமராஜரின் எளிமையைக் கொண்டாடுவது, காமராஜரை மறப்பதற்கு நாம் கண்டுபிடித்திருக்கும் மிக நாகரிகமான வழி.

கோபித்துக் கொள்ளாதீர்கள். கை சுத்தம் அற்பமான குணம் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய நிலையில் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடாமல் யாரால் இருக்க முடியும்? ஆனால் விருந்துக்குப் போனவர், சமையற்காரர் கை கழுவினாரா என்று மட்டும் பார்த்து மெச்சிவிட்டு, சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனால் எப்படி இருக்கும்? நாம் அந்த விருந்தாளியாகத்தான் இருக்கிறோம்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். நல்ல குணத்தை மட்டும் கொண்டு படைத்த பாத்திரம் இரண்டாவது அத்தியாயத்திலேயே செத்துப் போகும். காமராஜர் அப்படிப்பட்ட பொம்மை அல்ல. 1940 முதல் 1954 வரை, நடுவில் சிறைவாசம் உட்பட, தமிழ்நாடு காங்கிரஸைத் தம் கைக்குள் வைத்திருந்தவர். ராஜாஜி என்ற மகா புத்திசாலியோடு மோதி நின்றவர். ஊர் ஊராக யார் யாருக்கு என்ன பகை, எந்தச் சாதிக்காரர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே கூப்பிட்டு மந்திரியாக்கினார். அந்த முகாமைச் சேர்ந்த பக்தவத்சலத்துக்கும் இடம் கொடுத்தார். அவரையும் சேர்த்து மந்திரிகள் எட்டே பேர். கோயில்களைக் கவனிக்கும் அறநிலையத் துறையை, ஹரிஜன வகுப்பைச் சேர்ந்த பரமேஸ்வரனிடம் ஒப்படைத்தார். எந்த ஜனங்களைக் கோயில் வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்களோ, அந்த ஜனங்களில் ஒருவர் வந்தால் பூரண கும்பத்தோடு வரவேற்றாக வேண்டிய நிலையை ஒரே கையெழுத்தில் உண்டாக்கிவிட்டார். இதைச் செய்தவரை ‘பாவம், வெள்ளை மனசு’ என்று வர்ணிப்பது அவருடைய மூளைக்குச் செய்கிற அவமரியாதை.

பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். 1953-இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டு வந்தார்: ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நாள் படிப்பு, மீதிப் பொழுதில் வீட்டுத் தொழில். அதைக் குலக்கல்வி என்று சொல்லி நாடே கொதித்தது. காமராஜர் பதவிக்கு வந்ததும் அது குப்பைக்குப் போயிற்று. 1956-இல் மதிய உணவு தொடங்கியது. பள்ளியில் சோறு போடுவது அவர் கண்டுபிடித்த புதுமையுமல்ல. நீதிக்கட்சிக் காலத்திலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் செய்து பார்த்ததுதான். அவர் அதைக் கிராமங்களுக்கு இறக்கினார். கஜானாவில் பணமில்லை என்றபோது ஊராரிடம் அரிசியும் பருப்பும் கேட்டார். கல்வித் துறையை நடத்த நெ.து. சுந்தரவடிவேலு என்ற ஆளைப் பிடித்தார். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்று ஆரம்பித்த காரியம், 1960-களின் நடுவில் பள்ளியிறுதி வகுப்பு வரை எவருக்கும் கட்டணமில்லை என்பதாக முடிந்தது. இன்று பணக்கார தேசமாகத் திகழும் அயர்லாந்தில், உயர்நிலைப் படிப்பு இலவசம் என்ற அறிவிப்பு, ஷான் லெமாஸ் பிரதமராக இருந்த கடைசி மாதங்களில், 1966 செப்டம்பரில்தான் வந்தது. நம்மவர் யாருக்கும் பின்தங்கி நிற்கவில்லை.

அந்தப் படிப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க எங்கள் பக்கம் வாருங்கள். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு கூடியது. கூடிய இடத்துக்குத் தம் குருநாதர் பெயரில் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். சோஷலிச பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் என்ன கதியாயிற்று என்பது வேறு விஷயம். ஆனால் பொட்டலும் ஏரிக்கரையுமாகக் கிடந்த இந்தச் சீமையில் புகைபோக்கிகள் எழுந்தன. பெரம்பூரில் ரயில் பெட்டி, அம்பத்தூரில் சைக்கிள், டயர், அப்புறம் தொழிற்பேட்டை. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. அங்கிருந்து முதல் விஜயந்தா 1965-இல் வெளிவந்தது. எல்லாம் அவர் ஒருவர் கட்டியதல்ல. டில்லியின் பணமும் தனியார் பணமும் அதில் உண்டு. ஆர். வெங்கட்ராமனின் உழைப்பும் உண்டு. ஆனால் வாசலில் வேலை கேட்டு நின்ற பையன் பள்ளியிறுதிச் சான்றிதழோடு நின்றான் பாருங்கள், அந்தக் காகிதம் காமராஜர் கொடுத்தது.

அந்தப் பையன் ஃபிட்டர் ஆனான், ஃபோர்மேன் ஆனான். கொரட்டூரிலும் திருமுல்லைவாயிலிலும் மனை வாங்கிக் கடன் போட்டு வீடு கட்டினான். மகனை இன்ஜினீயராக்கினான். அந்த மகன்தான், ஐயா, இன்று நீங்களும் நானும். நாம் நம் பிள்ளையை எங்கே சேர்க்கிறோம்?

சில வருஷங்களுக்கு முன் எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் காமராஜர் பிறந்த நாள் பேச்சுப் போட்டிக்கு நடுவராக அழைத்திருந்தார்கள். எல்.கே.ஜி.யில் சேர்க்க ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தைக் கேட்கும் பள்ளி அது. குழந்தைகள் மழலை மாறாமல் வேட்டிக் கணக்குச் சொன்னார்கள். ‘கல்விக் கண் திறந்தவர்’ என்று ஒரு பெண் குழந்தை கையை நீட்டி முழங்கியபோது, கைதட்டிய பெற்றோரில் ஒருவருக்காவது சிரிப்பு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. எளிமைக் கதையின் சௌகரியம் அதுதான். அது யாரிடமும் எதையும் கேட்பதில்லை. பள்ளிக்கூடக் கதையைச் சொன்னால் மட்டும் நம் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு பதில் கேட்கும்.

“சர்க்கார் பள்ளி சரியில்லையே சார்!” என்கிறீர்கள். எல்லாப் பள்ளியும் அப்படியில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 1956-இல் மட்டும் சரியாக இருந்ததா? ஓலைக் கொட்டகை, ஓராசிரியர், மழை வந்தால் விடுமுறை. ஆனால் கணக்குப்பிள்ளை மகனும் கூலிக்காரன் மகனும் ஒரே கொட்டகையில் நனைந்தார்கள். கூரை ஒழுகினால் மனு எழுதத் தெரிந்த தகப்பன் ஒருவன் ஊரில் இருந்தான். மனு எழுதத் தெரிந்த நாமெல்லாரும் வேன் வைத்து வேறு பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டோம். அப்புறம் கூரையைக் குறை சொல்கிறோம்.

சோறு போடும் காரியத்தைக் கட்சிகள் விட்டுவிடவில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெருக்கினார். 2022-இல் காலைச் சிற்றுண்டி சேர்ந்தது. 2024-இல் காமராஜர் பிறந்த நாளன்று, எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில், கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது வந்தது. எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் அவர் காரியத்தைப் பின்பற்றினார்கள். பக்தர்களாகிய நாம் படத்துக்கு மாலை போட்டோம்.

1967-இல் விருதுநகர் வாக்காளர்கள் அவரைச் சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தோற்கடித்தார்கள். நன்றி கெட்ட ஜனங்கள் என்று இன்றும் மேடையில் திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரிசி கிடைக்காத வருஷம் அது. 1965 ஹிந்தி எதிர்ப்பில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். 1963 அக்டோபர் 2-ஆம் தேதி, தாமே வகுத்த திட்டத்துக்கு முதல் பலியாக முதலமைச்சர் நாற்காலியை விட்டு டில்லிக்குப் போனாரே, அது தமிழ்நாட்டுக்கு அவர் செய்த பெரிய நஷ்டம் என்பது என் கருத்து. இரண்டு பிரதம மந்திரிகளை உண்டாக்கினார், சரி. இரண்டாவது பிரதமர் 1969-இல் அவரையே ஒதுக்கிவிட்டுப் போனார். விருதுநகர்க்காரர்கள் அவரை அரசியல்வாதியாக மதித்துக் கணக்குக் கேட்டார்கள். நாம் அதைக்கூடச் செய்வதில்லை.

வருகிற ஜூலையில் அம்பத்தூரில் யாராவது மேடையேறி, ‘காமராஜர் ஏன் டில்லிக்குப் போனார்? இருந்திருந்தால் எத்தனை பள்ளி திறந்திருப்பார்? அவர் திறந்த பள்ளியில் நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள்?’ என்று அவரோடும் நம்மோடும் சண்டை போடட்டும். முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.