சாம்பலுக்கும் இனமுண்டோ?

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வெறியாட்டம், அந்நகரின் பொது நூலகத்தைச் சாம்பல் மேடாக்கிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் தீக்கிரையாயின. கொளுத்தியவர் யார்? ஊரைக் காக்க அனுப்பப்பட்ட காவற்படையினர்! ஆளுங்கட்சி அமைச்சர் இருவர் அந்நகரிலேயே தங்கியிருந்த வேளை அது! எவரேனும் தண்டிக்கப்பட்டனரா? ஒருவர்கூட இல்லை!

அந்தக் கொடுமையை நாம் மறக்கவில்லை. மறக்கச் சொல்லவும் வரவில்லை. எரித்தபின் எழுதப்படும் கதைகளைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

சிங்களத் தேசியவாதிகளின் ஏடுகளைப் புரட்டினால் 1981 என்னும் பக்கம் மங்கிக் கிடக்கிறது. ஏதோ கலவரமாம், எவரோ செய்தனராம்! 2016இல் ரணில் விக்கிரமசிங்க நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவிக்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஆனால், அதே எழுதுகோல் கண்டிப் பக்கம் திரும்பட்டும்! 1998 ஜனவரி 25இல் விடுதலைப் புலிகள் வெடிமருந்து வண்டியை வெடிக்கச் செய்து தலதா மாளிகையைச் சிதைத்ததும், உயிர்களைக் குடித்ததும் நாள், நாழிகையோடு எழுதப்படும். எழுதட்டும், அது உண்மை. ஆனால், 1989இல் அதே மாளிகையைத் தாக்கியவர் ஜே.வி.பி.யினர் அல்லரோ? சிங்கள இளைஞர் அல்லரோ? அதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஏன் தாழ்கிறது?

இனி, நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

நம் மேடைகளில் நூலகம் எரிகிறது. கண்டி அங்கே வெடிப்பதில்லை. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் புலிகளின் துப்பாக்கிக்கு இரையானது அங்கே ஒலிப்பதில்லை. அதே ஆண்டு அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட மக்கள், ஊரைவிட்டு விரட்டப்பட்டனர். தொழுத பள்ளிவாசலும் படித்த பள்ளிக்கூடமும் ஆளற்றுக் கிடந்தன. அது பண்பாட்டு அழிவு இல்லையா? தமிழ் பேசியவரின் வாழ்வு சிதைந்தது தமிழர் வரலாற்றில் சேராதா?

மறைப்பது ஒரு பிழை. மிகைப்பது மற்றொரு பிழை. யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே படி நூலகத் தீயில் அழிந்ததென்று இன்றும் எழுதுகின்றனர். அந்த நூலைப் பிரிட்டோ 1879இலேயே ஆங்கிலத்தில் வெளியிட்டாரே! தமிழிலும் அது அச்சேறியதே! சுவடி ஒன்று எரிந்தது என்பது வேறு. நூலே உலகில் இல்லாதொழிந்தது என்பது வேறு. 97,000 என்னும் உண்மைக்குப் பொய்யின் துணை எதற்கு? அந்த ஒரு பொய்யைக் காட்டியே, மாற்றான் நம் உண்மை அனைத்தையும் பொய் என்பானே!

“அரசின் கொடுமையையும் ஒடுக்கப்பட்டோரின் சினத்தையும் ஒரே தட்டில் வைக்கிறீரா?” என்று கேட்பர். இல்லை! படையும் சட்டமும் கருவூலமும் கையிலிருந்த அரசு, தன் குடிமக்களின் நூலகத்தைத் தன் காவலரே கொளுத்தக் கண்டும் வாளாவிருந்த குற்றம் தனிப் பெருங்குற்றம். ஆனால், எது பெரிது, எது சிறிது என்று எடை போடுவதற்கேனும் எல்லாவற்றையும் தராசில் ஏற்ற வேண்டுமே! பாதியை மறைத்து வைத்தவன் கையில் இருப்பது தராசன்று; தடி!

பல்லை வணங்குவோர் அல்லர் நாம். தொழுகையில் நாட்டம் கொண்டோரும் அல்லர். எனினும், தலதா மாளிகையின் கல்லைச் செதுக்கியவன் உழைப்பாளி. பள்ளிவாசலில் மடிந்தவன் மனிதன். பகுத்தறிவு என்பது, பிறர் நம்பிக்கையை மறுக்கும் துணிவு மட்டுமன்று. பிறர் இழப்பையும் இழப்பென்று எண்ணும் நேர்மையுமாகும்.

ஆகவே, நாம் கேட்பது ஒன்றே. இலங்கைத் தீவில் எரிந்தவை, இடிந்தவை, விரட்டப்பட்டோர் விட்டுச் சென்றவை யாவும் ஒரே பதிவேட்டில் ஏறட்டும். சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் கூடி அமர்ந்து எழுதட்டும். இடம், நாள், இழப்பு, இழைத்தவர் பெயர் ஆகிய நான்கும் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும்.

அந்த ஏட்டின் முதல் பக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் நிற்கட்டும். அடுத்த பக்கங்களைத் திறக்க நாம் அஞ்சினால், முதல் பக்கத்தையும் எவர் நம்புவர்?